வேலை பார்த்துக்கொண்டே ஸ்பானிஷ் பேச முடியுமா? தமிழ் தெரிந்தவருக்கு பாதி ‘ரூட்’ கிளியர்!

கடலூர்:

கடலூர் பஸ் ஸ்டாண்டு, சிதம்பரம் கீழ வீதி, எங்கே போனாலும் புத்தகக் கடையில் கண்ணில் படுவது ‘30 நாளில்’ புத்தகங்கள்தான். 30 நாளில் இந்தி, 30 நாளில் ஆங்கிலம், 30 நாளில் அரபி. இப்போது பிள்ளைகள் செல்போனில் ஸ்பானிஷ், ஜெர்மன் என்று தட்டிக்கொண்டு இருக்கிறார்கள். காலேஜ் முடித்தவர், கேட்டரிங் படித்தவர், கப்பல் வேலைக்குப் போக நினைப்பவர் என்று பலருக்கும் ஒரே சந்தேகம். 25 வயதுக்கு மேல், 30 வயதுக்கு மேல், ஒரு புது மொழி நாக்கில் ஏறுமா? ஏறும் என்றால் எத்தனை நாள்? எவ்வளவு செலவு? அதை வைத்து சம்பாதிக்க முடியுமா?

முதலில் நாள் கணக்கைப் பார்த்துவிடலாம். அமெரிக்க அரசு தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்றுக்கொடுக்க தனியாக ஒரு பள்ளிக்கூடமே நடத்துகிறது. அவர்கள் கணக்குப்படி, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் வேலைக்கு ஆகிற அளவு ஸ்பானிஷ் பேச 600 முதல் 750 மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும். வீட்டுப்பாடம் தனி. அதே அதிகாரி தமிழ் படிக்க வேண்டுமானால் 1,100 மணி நேரம்! நம்ம மொழி அவர்களுக்கு அவ்வளவு கஷ்டம்.

ஆக, தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஸ்பானிஷுக்கு ஏறக்குறைய 2 வருஷம். தினமும் 2 மணி நேரம் என்றால் ஒரு வருஷம். ‘30 நாள்’ என்பது வணக்கம், நன்றி, எவ்வளவு விலை என்று கேட்கிற அளவுக்குத்தான் காணும். அதுகூட ஒன்றும் மோசமில்லை, ஆனால் அதை நம்பி யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள்.

எதற்கு ஸ்பானிஷ்?

உலகத்தில் சுமார் 50 கோடி பேருக்கு இது தாய்மொழி. ஸ்பெயின் மட்டும் இல்லை. மெக்சிகோ, அர்ஜென்டினா, கொலம்பியா, பெரு, சிலி, கியூபா என்று 20 நாடுகளில் ஆட்சிமொழி. ஆப்பிரிக்காவில்கூட ஈக்குவடோரியல் கினி என்று ஒரு நாடு ஸ்பானிஷ் பேசுகிறது. (பிரேசிலை இதில் சேர்த்துவிடாதீர்கள், அங்கே போர்ச்சுகீஸ்.) ஐ.நா. சபையின் 6 ஆட்சிமொழிகளில் இதுவும் ஒன்று.

நம்ம மாநிலத்துக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 2024 ஜனவரி கடைசியில் அப்போதைய முதல்வர் மு.க.ஸ்டாலின் ஸ்பெயினுக்குப் போய், பிப்ரவரியில் திரும்பியபோது 3,440 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் ஆகியிருந்தன. அதில் பாத்ரூம் சாமான் செய்கிற ரோகா கம்பெனியின் பங்கு 400 கோடி. இந்தக் கம்பெனிக்கு ராணிப்பேட்டையில் ஏற்கனவே தொழிற்சாலை இருக்கிறது. காற்றாலை செய்கிற கமேசாவும் ஸ்பெயினில் பிறந்த கம்பெனிதான்.

அதற்காக ஸ்பானிஷ் படித்த மறுநாளே வேலை கிடைத்துவிடும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலைக்கு மொழியைப் பார்ப்பதில்லை. ஏற்கனவே கையில் ஒரு தொழில் இருந்து, கூடவே மொழியும் இருந்தால்தான் மதிப்பு. கணக்கு எழுதத் தெரிந்தவர், கம்ப்யூட்டர் தெரிந்தவர், சமையல் தெரிந்தவர், டூரிஸ்ட் வண்டி ஓட்டுபவர் – இவர்களுக்குத்தான் லாபம்.

பரங்கிப்பேட்டைக்கும் மேஜைக்கும் என்ன சம்பந்தம்?

கடலூருக்குத் தெற்கே, வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்தில் இருக்கும் பரங்கிப்பேட்டைக்கு வெள்ளைக்காரன் ரெக்கார்டில் பேர் போர்ட்டோ நோவோ. போர்ச்சுகீஸ் மொழியில் ‘புதுத் துறைமுகம்’ என்று அர்த்தம். 16-ம் நூற்றாண்டில் வந்த போர்ச்சுகீசியர் வைத்த பேர். 1781-ல் ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் சண்டை நடந்ததும் இதே ஊர்ப் பக்கம்தான். இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம் அங்கே இருக்கிறது.

போர்ச்சுகீசியர் போய்விட்டார்கள். அவர்கள் சொற்கள் நம் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டன. மேஜை, அலமாரி, சாவி, ஜன்னல், பொத்தான், துவாலை, பாதிரி, கொய்யா – எல்லாம் அங்கிருந்து வந்தவை. போர்ச்சுகீசும் ஸ்பானிஷும் அண்ணன் தம்பி மொழிகள். அதனால் ஸ்பானிஷ் வகுப்பில் முதல் நாள் உட்காரும் கடலூர்க்காரருக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. மேஜை அங்கே ‘மேசா’. அலமாரி ‘அர்மாரியோ’. பொத்தான் ‘போத்தோன்’. துவாலை ‘தோவாயா’. சாவி ‘யாவே’. கொய்யா ‘குவாயாபா’. ஜன்னல் மட்டும் ஏமாற்றிவிடும், அது ‘வென்தானா’.

பண்ருட்டி முந்திரிக்கும் ஒரு கதை உண்டு. முந்திரி மரமே பிரேசில் பக்கத்தில் இருந்து போர்ச்சுகீசியர் கப்பலில் இங்கே வந்ததுதான். ஆனால் மெக்சிகோக்காரர்கள் முந்திரியை ‘நுவேஸ் தே லா இந்தியா’ என்கிறார்கள். அப்படியென்றால் இந்தியக் கொட்டை! அவர்கள் கண்டத்தில் இருந்து போன பொருளுக்கு நம்ம பேரை வைத்துவிட்டார்கள்.

ஆங்கிலம் வழியாக நமக்குத் தெரிந்த வார்த்தைகளும் அங்கே கைகொடுக்கும். டாக்டர் ‘தோக்தோர்’, ஹோட்டல் ‘ஓத்தெல்’, ஹாஸ்பிட்டல் ‘ஓஸ்பித்தால்’. ஹ எழுத்து இருக்கும், வாயில் வராது. அவ்வளவுதான்.

‘எனக்கு டீ பிடிக்கும்’

ஆங்கிலம் படிக்கும்போது நம்ம பிள்ளைகள் திணறுவது வாக்கிய அமைப்பில். ‘நான் டீயை விரும்புகிறேன்’ என்பதுபோல அங்கே ‘நான்’ முன்னால் வந்து நிற்க வேண்டும். நம்ம ஊரில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? எனக்கு டீ பிடிக்கும் என்றுதானே சொல்வோம். ஸ்பானிஷ்காரரும் அதேதான். ‘மே குஸ்தா எல் தே’. மே என்றால் எனக்கு. குஸ்தா என்றால் பிடிக்கும். எல் தே என்றால் டீ. இந்த ஒரு வாக்கியத்தில் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் வாரக்கணக்கில் தடுமாறுவார்கள். தமிழ் ஆளுக்கு இரண்டே நிமிஷம்.

அடுத்தது வினைச்சொல். தமிழில் ‘பேசுகிறேன்’ என்றாலே நான் என்பது அதில் அடக்கம். பேசுகிறாய் என்றால் நீ. ஸ்பானிஷிலும் வால் பகுதியிலேயே ஆள் தெரிந்துவிடும். ஆப்லோ – பேசுகிறேன். ஆப்லாஸ் – பேசுகிறாய். ஆப்லா – பேசுகிறார். ஆப்லாமோஸ் – பேசுகிறோம். ஆப்லான் – பேசுகிறார்கள். நான், நீ, அவர் என்று தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

மரியாதையும் உண்டு. நீ என்பதற்கு ‘தூ’, நீங்கள் என்பதற்கு ‘உஸ்தெத்’. வயசானவரை, முதலாளியை, புதிதாகப் பார்ப்பவரை தூ என்றால் சில நாடுகளில் முகம் சுளிப்பார்கள். இதை ஆங்கிலேயருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

உச்சரிப்பிலும் நல்ல சேதிதான். உயிர் ஒலி மொத்தமே அ, எ, இ, ஒ, உ என்று ஐந்துதான். எழுதியபடி படிக்கலாம், ஆங்கிலம் மாதிரி எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்று என்ற தொல்லை குறைவு. நம்ம ‘ஞ’வும் அங்கே இருக்கிறது. ஸ்பெயினை அவர்கள் ‘எஸ்பாஞா’ என்பார்கள். நாளைக்கு என்பது ‘மஞானா’. ர, ற இரண்டும் தனித்தனி. ‘பெரோ’ என்றால் ஆனால். நாக்கை உருட்டி ‘பெறோ’ என்றால் நாய்! கடலூர்ப் பக்கம் பேச்சில் கரை, கறை இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா அடித்துச் சொல்லிக்கொடுத்த வல்லின ‘ற’வை மறுபடி தூசி தட்டி எடுக்க வேண்டியதுதான்.

எங்கே வழுக்கும்?

தமிழில் பழத்துக்கும் பஸ்ஸுக்கும் ஒரே ‘ப’. எழுத்தில் வித்தியாசம் இல்லாததால் நாக்கும் சில நேரம் ஏமாறும். ஸ்பானிஷில் இது வம்பாகிவிடும். பழத்தில் வரும் ப போட்டு ‘பேசோ’ என்றால் மெக்சிகோ நாட்டுப் பணம். பஸ்ஸில் வரும் ப போட்டு ‘பேசோ’ என்றால் முத்தம். கடைக்காரரிடம் பத்து பேசோ கேட்கும்போது ஜாக்கிரதை! க, த எழுத்துகளிலும் இதே சிக்கல் உண்டு. காதால் கேட்டுக் கேட்டுத்தான் சரியாகும், எழுதிப் படித்தால் ஆகாது.

அடுத்த தலைவலி, எல்லாப் பொருளுக்கும் ஆண், பெண். நமக்கு மேஜையும் அஃறிணை, புத்தகமும் அஃறிணை. அவர்களுக்கு மேஜை பெண், ‘லா மேசா’. புத்தகம் ஆண், ‘எல் லிப்ரோ’. இந்தி படித்தவருக்கு இந்தத் தொல்லை ஏற்கனவே பழக்கம். பெரும்பாலும் ‘ஆ’வில் முடிந்தால் பெண், ‘ஓ’வில் முடிந்தால் ஆண். அதற்கும் விதிவிலக்கு உண்டு. கை என்று அர்த்தமுள்ள ‘மானோ’, ஓ-வில் முடிந்தாலும் பெண்தான். ஏன் என்று கேட்டுப் பயனில்லை. சொல்லைப் படிக்கும்போதே ‘லா’, ‘எல்’ சேர்த்தே மனப்பாடம் செய்துவிட வேண்டும்.

‘இருக்கிறேன்’ விஷயத்திலும் கவனம் தேவை. நான் சமையல்காரர் என்று சொல்ல ‘சோய்’. நான் சிதம்பரத்தில் இருக்கேன் என்று சொல்ல ‘எஸ்தோய்’. முதலாவது ஆள் யார் என்பது, இரண்டாவது எங்கே, எப்படி இருக்கிறார் என்பது. ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும்.

வயசு ஒரு தடையா?

சின்ன வயசில் படித்தால்தான் வரும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பாதிதான் உண்மை. உச்சரிப்பு அச்சு அசலாக வருவது சிறு பிள்ளைகளுக்குத்தான். ஆனால் ஆரம்ப கட்டத்தில் இலக்கணத்தையும் சொற்களையும் வேகமாகப் பிடிப்பது பெரியவர்கள்தான் என்று ஆய்வு செய்தவர்கள் சொல்கிறார்கள்.

நம்ம மாவட்டத்திலேயே இதற்கு சாட்சி ஏராளம். சிங்கப்பூர், மலேசியா போய் வந்தவர்களும், துபாய், சவுதியில் வேலை பார்த்தவர்களும் இல்லாத தெரு கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டையில் குறைவு. 25 வயசில் போய், வேலை செய்த இடத்திலேயே இந்தி, அரபி, மலாய் பேசப் பழகியவர்கள் எத்தனையோ பேர். இலக்கணப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. சூப்பர்வைசர் சொல்வது புரியாவிட்டால் வேலை நடக்காது, அதனால் புரிந்தது.

கொஞ்சம் பின்னால் போனால் இன்னும் சுவாரசியம். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் இன்றைய ஸ்பெயினில் பிறந்தவர். வயது 36. தமிழ் தெரியாது. ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து எழுதி வாங்கி, அப்படியே மனப்பாடம் செய்து, மணியடித்துக் கூட்டம் சேர்த்துச் சொன்னார். தப்பும் தவறுமாகத்தான் தொடங்கினார், ஆனால் முதல் நாளே வாயைத் திறந்துவிட்டார்.

சிதம்பரத்தில் இருந்து பஸ் பிடித்தால் எட்டிவிடும் தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்தவர் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க். 24 வயதுதான் இருக்கும். ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரை பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அந்தச் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். அடுத்த வருஷமே தமிழில் பிரசங்கம் செய்தார். பிறகு பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து அச்சிட்டார்.

அவரைவிட எனக்குப் பெரிய ஆளாகத் தெரிபவர் அவருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் என்ற தமிழர். போர்ச்சுகீஸ், டேனிஷ், ஜெர்மன், டச்சு – நான்கும் பேசுவார். வெள்ளைக்காரக் கம்பெனிக்காரர்களோடு பழகிப் பழகியே கற்றது. இப்படிப்பட்டவர்களுக்கு அந்தக் காலத்தில் துபாஷி என்று பேர். இரண்டு பாஷைக்காரர் என்று அர்த்தம். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை, டூப்ளே துரைக்கு அடுத்த இடத்தில் இருந்ததற்கு இந்த வேலைதான் காரணம். மொழி தெரிந்தவன் கையில்தான் அன்றைக்கு வியாபாரமே இருந்தது.

படிக்கிறது எப்படி?

கண்ணால் படிப்பதைவிட வாயால் சொல்வதற்கு அதிக நேரம் கொடுக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர் பஸ்ஸில் அரை மணி நேரம் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்கலாம். வீட்டுக்கு வந்து அதே வாக்கியங்களை, அதே ஏற்ற இறக்கத்தோடு, சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். செல்போனில் பதிவு செய்து, அசலோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். முதல் வாரம் நம்ம குரலை நாமே கேட்க கூச்சமாகத்தான் இருக்கும். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

தனிச் சொல்லாக மனப்பாடம் செய்வது வீண். ‘தண்ணீர்’ என்பதைவிட ‘தண்ணீர் வேணும்’ என்பதைப் படியுங்கள். உங்கள் வேலைக்கு என்ன வாக்கியம் தேவையோ அதில் தொடங்குங்கள். சமையல்காரருக்கு உப்பு, காரம், வேகவில்லை, பில் வேணுமா. டிரைவருக்கு இடது, வலது, எவ்வளவு தூரம், எத்தனை மணிக்குக் கிளம்பணும். முதல் ஆயிரம் சொற்கள் கைக்கு வந்துவிட்டால் அன்றாடப் பேச்சில் பெரும்பகுதி புரியும்.

இன்றைக்குப் படித்ததை நாளைக்கு ஒரு தடவை, மூணு நாள் கழித்து ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். பார்த்துப் படிப்பது பத்து தடவை என்றாலும் நிற்காது. பார்க்காமல் யோசித்துச் சொல்வதுதான் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏழு மணி நேரம் உட்காருவதைவிட தினம் ஒரு மணி நேரம் மேல்.

செல்போன் ஆப்கள் இலவசம்தான், தப்பில்லை. ஆனால் பெரும்பாலானவை ஆங்கிலம் வழியாகத்தான் ஸ்பானிஷ் சொல்லித் தருகின்றன. அதனால் கொஞ்சம் ஆங்கிலம் தெரிய வேண்டும். இன்னொரு குறை, பொத்தானைத் தட்டித் தட்டி நூறு நாள் ஓட்டிவிட்டு, நேரில் ஒரு ஸ்பெயின்காரரைப் பார்த்தால் வாய் ஓடாது. பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். இரண்டு பேராகச் சேர்ந்து படித்தால்கூட போதும். கால்பந்து பார்ப்பவர்கள் பார்சிலோனா, ரியல் மாட்ரிட் மேட்ச்களை ஸ்பானிஷ் கமென்ட்ரியில் கேட்கலாம், வேகம் பழகும்.

நேரில் பேசிப் பார்க்க நம்ம பக்கம் வாய்ப்பு இல்லாமல் இல்லை. மாமல்லபுரம், புதுச்சேரி, சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர், மதுரை என்று வெளிநாட்டு டூரிஸ்ட்கள் வரும் பாதையில்தான் இருக்கிறோம். நடராஜர் கோவிலுக்கு வருபவர்கள், பிச்சாவரத்தில் படகு ஏறுபவர்கள் மத்தியில் ஸ்பெயின்காரர்களும் உண்டு. ‘ஓலா’ என்று ஒரு வணக்கம் வைத்தால் அவர்கள் முகமே மாறிவிடும். மொழி தெரிந்த கைடுக்கு கிராக்கி தனி. ஆனால் கைடாகத் தொழில் செய்ய சுற்றுலாத் துறை அங்கீகாரம் வேண்டும், சும்மா கூட்டிக்கொண்டு சுற்றினால் பிரச்சினையாகிவிடும்.

எங்கே படிப்பது, எங்கே பரீட்சை?

மொழிப் படிப்புக்கு நம்ம மாவட்டம் புதுசு இல்லை. 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறைக்கு முதல் தலைவராக இருந்தவர் பன்மொழிப் புலவர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார். பக்கத்துப் புதுச்சேரியில் 1889-ல் இருந்து அலியான்ஸ் பிரான்சேஸ் பிரெஞ்சு சொல்லித் தருகிறது. பிரெஞ்சு தெரிந்தவருக்கு ஸ்பானிஷ் சீக்கிரம் வரும்.

ஸ்பானிஷுக்கு ஸ்பெயின் அரசே நடத்தும் இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தஸ் டெல்லியில் 2009-ல் திறக்கப்பட்டது. உலகம் முழுக்க செல்லுபடியாகும் சான்றிதழ் ‘தேலே’. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று 6 படிகள். ஏ1 என்றால் அறிமுகம். சரளமாகப் பேசுகிறார் என்று கம்பெனிகள் நம்புவது பி2-வில். ஒருமுறை பாஸ் செய்தால் அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. தெருமுனை இன்ஸ்டிட்யூட் கொடுக்கும் கலர் பேப்பர் சான்றிதழை வெளிநாட்டில் யாரும் சீண்ட மாட்டார்கள். பணம் கட்டும் முன், எந்தப் பரீட்சைக்குத் தயார் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள்.

ஏழைப் பிள்ளைகளுக்கு இது எட்டுமா என்பவர்களுக்கு ஆந்திராவின் அனந்தப்பூர் பதில் சொல்லும். பார்சிலோனாவில் 1920-ல் பிறந்த வின்சென்ட் ஃபெரர் 1969-ல் அங்கே போய், 2009-ல் இறக்கும்வரை வறட்சிக் கிராமங்களில் வேலை செய்தார். அவர் தொடங்கிய அறக்கட்டளை, கிராமத்து ஏழைப் பட்டதாரிகளுக்கு ஸ்பானிஷ், ஜெர்மன், பிரெஞ்சு கற்றுக்கொடுக்கப் பள்ளி நடத்துகிறது. தெலுங்கு மீடியத்தில் படித்த விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைகள் அங்கே மொழி படித்து வேலைக்குப் போகிறார்கள். நம்ம பக்கம் அப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஏஜென்ட் விஷயத்தில் உஷார்

ஸ்பெயினில் பழத்தோட்ட வேலை, மொழி தேவையில்லை, மூணு லட்சம் கட்டினால் விசா ரெடி என்று யாராவது சொன்னால் ஒரு தடவைக்கு நாலு தடவை யோசியுங்கள். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், 1983-ம் ஆண்டு குடிபெயர்வு சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜுக்கும் உச்சவரம்பு உண்டு. 30 ஆயிரம் ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. பதிவு எண் உண்மையா என்று வெளியுறவு அமைச்சகத்தின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பார்க்கலாம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகமும் இருக்கிறது. தமிழக அரசே 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில்தான். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கும் முன் அங்கே ஒரு நடை போய் விசாரித்து வர, கடலூரில் இருந்து பஸ் செலவுதான் ஆகும்.